மீன் யாருக்குப் பால் கொடுக்கிறது?

கோத்தகிரியிலிருந்து ஒரு அம்மா கேட்டிருப்பது இது: "பிளஸ் டூ படிக்கும் என் மகளின் விலங்கியல் பாடத்தில், பிட்யூட்டரியில் சுரக்கும் புரோலாக்டின்தான் தாய்ப்பாலை உண்டாக்குகிறது என்று இருக்கிறது. டியூஷன் சார் மீனுக்கும் புரோலாக்டின் உண்டு என்று சொல்லிவிட்டார். மீன் யாருக்குப் பால் கொடுக்கிறது? இரண்டு நாளாக என்னைப் போட்டுப் பிடுங்குகிறாள். இந்த ஹார்மோன்கள் எல்லாம் எங்கிருந்து வந்தன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்."

டியூஷன் சார் சொன்னது சரிதான். மீனுக்குப் பால் கிடையாது என்பதும் சரிதான். குழப்பம் பெயரிலிருந்து வருகிறது. ஒரு ஹார்மோனை எந்த வேலை செய்யும்போது முதலில் பிடித்தோமோ, அந்த வேலையையே அதற்குப் பெயராக வைத்துவிட்டோம். தெருவில் ஒருவரைப் பால்காரர் என்று கூப்பிட்டுப் பழகிவிட்டால், காலையில் பால் ஊற்றிவிட்டு அவர் பகலெல்லாம் எஸ்டேட்டில் கவாத்து வெட்டுவது யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.

மீனிலிருந்தே தொடங்குகிறேன். ஊட்டியில் முப்பது வருஷம் விலங்கியல் நடத்தியவன், எனக்கு அதுதான் கைப்பழக்கம். ஊட்டி மார்க்கெட்டில் கண்ணாடிக் கெண்டையைப் பார்த்திருப்பீர்கள். உடம்பில் அங்கங்கே காசு காசாகப் பெரிய செதில், மீதி இடமெல்லாம் வழவழவென்று வெறும் தோல். சாதாக் கெண்டையின் இந்த வகையை 1939-ல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து ஊட்டி ஏரியில் விட்டார்கள். அது தலையோடு கிடைத்தால் நான் விடமாட்டேன். கண்ணுக்குச் சற்று மேலே கத்தியைப் படுக்கவைத்து மண்டையின் மூடியைச் சீவி எடுக்க வேண்டும். உள்ளே கொழகொழவென்று கொழுப்பு இருக்கும், பஞ்சால் ஒற்றி எடுத்தால் மூளை தெரியும். நரம்புகளை வெட்டி மூளையை மெதுவாகத் தூக்கினால், அது உட்கார்ந்திருந்த இடத்தில் எலும்பில் ஒரு சிறு குழி, குழிமேல் மெல்லிய சவ்வு. சவ்வை ஊசியால் விலக்கினால் கேழ்வரகைவிடக் கொஞ்சம் பெரிதாக, பாலேட்டு நிறத்தில் ஒரு மணி. அதுதான் பிட்யூட்டரி. மாணவனாக முதல்முறை செய்தபோது மூளையோடு சேர்த்து அதையும் நசுக்கிவிட்டேன். என் பேராசிரியர் ஒன்றும் சொல்லவில்லை, இன்னொரு தலையை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

இந்த மணிக்கு மீன் வளர்ப்பில் ஒரு காலத்தில் பெரிய மதிப்பு. ரோகு, கட்லா எல்லாம் குளத்தில் நன்றாக வளரும், வயிறு நிறைய முட்டையும் வைத்திருக்கும், ஆனால் இடாது. மழையில் புது வெள்ளம் வரும் ஆறு வேண்டும் அதற்கு. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி, வேறு மீனின் பிட்யூட்டரியை அரைத்து ஊசியாகப் போட்டு இவற்றைக் குளத்திலேயே முட்டையிட வைத்தார். அந்த நாளைத்தான் இன்றும் தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். பிறகு அது வழக்கமான முறையாகிவிட்டது. சாதாக் கெண்டையின் சுரப்பியை ஆல்கஹாலில் போட்டு வைத்துக்கொள்வார்கள். வேண்டும்போது அரைத்து, பெண் மீனுக்குக் கிலோவுக்கு 2 முதல் 3 மில்லிகிராம், ஆறு மணி நேரம் கழித்து 5 முதல் 8 மில்லிகிராம். அன்று இரவே முட்டை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சுரப்பி ஒரு மீனுடையது, முட்டையிடுவது வேறொரு மீன். இனம் மாறியும் ஹார்மோன் வேலை செய்கிறது. இதைவிட வியப்பானது 1930-களில் நடந்தது. லான்சலாட் ஹாக்பென் ஆப்பிரிக்க நகத்தவளையில் செய்த ஆய்விலிருந்து ஒரு கர்ப்பப் பரிசோதனை பிறந்தது. கர்ப்பமான பெண்ணின் சிறுநீரைப் பெண் தவளைக்கு ஊசியாகப் போட்டால், அது சில மணி நேரத்தில் முட்டையிட்டுவிடும். மனித நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோனைத் தவளையின் சினைப்பை தன்னுடையது என்று நினைத்துக்கொள்கிறது. தவளைக்கும் நமக்கும் பொது மூதாதை வாழ்ந்து முப்பத்தைந்து கோடி வருஷத்துக்குப் பக்கம் ஆகிறது. பூட்டு இன்னும் அதே சாவிக்குத் திறக்கிறது.

சரி, புரோலாக்டினுக்கு வருவோம். மீனின் ரத்தத்தில் உப்பு, கடல்நீரின் உப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஊட்டி ஏரி போன்ற நன்னீரில் உப்பு இல்லை என்றே சொல்லலாம். அதனால் நன்னீர் மீனின் உடம்பிலிருந்து செவுள் வழியாக உப்பு ஓயாமல் கசிகிறது, தண்ணீர் ஓயாமல் உள்ளே ஏறுகிறது. கடலில் இதற்கு நேர் எதிர். அமெரிக்காவின் கிழக்குக் கரை உப்பங்கழிகளில் கில்லி என்று ஒரு சின்ன மீன் உண்டு, உப்பு நீரிலும் இருக்கும், நன்னீரிலும் இருக்கும். பிட்யூட்டரியை எடுத்துவிட்டால் உப்பு நீரில் பிழைத்துக்கொள்கிறது, நன்னீரில் விட்டால் சில நாளில் செத்துப்போகிறது. அந்த மீனுக்குப் பாலூட்டியிலிருந்து எடுத்த புரோலாக்டினைப் போட்டால் நன்னீரிலும் பிழைக்கிறது என்று 1959-ல் கிரேஸ் பிக்ஃபோர்டும் ஃபிலிப்ஸும் காட்டினார்கள். செவுளின் கசிவை அடைப்பதும் உப்பைப் பிடித்துவைப்பதும்தான் மீனில் புரோலாக்டினின் வேலை. உங்கள் மகளின் கேள்விக்கு நேரடிப் பதில் இவ்வளவுதான். ஆனால் சுவாரசியம் இதற்கு அப்புறம்தான் இருக்கிறது.

புரோலாக்டினுக்கு அந்தப் பெயரை 1933-ல் வைத்த ஆஸ்கர் ரிடில் குழு ஆராய்ந்துகொண்டிருந்தது புறாவை. புறாக் குஞ்சு பொரித்ததும் அதற்குத் தானியம் ஊட்டுவதில்லை. தாயின் இரைப்பையில், அதாவது தொண்டைக்குக் கீழே தானியம் சேர்த்துவைக்கும் பையில், உள்தோல் தடித்து உரிந்து தயிர்க்கட்டி மாதிரி வரும். அதைத்தான் ஊட்டுகிறது. தாய் மட்டுமில்லை, தகப்பனும் ஊட்டும். குன்னூர் பஸ் ஸ்டாண்டு கூரையில் உட்காரும் மாடப்புறாவும் சரி, சோலைக்குள் இருக்கும் நீலகிரிக் காட்டுப்புறாவும் சரி, இதே கதைதான். இந்தப் 'பாலை' வரவைப்பது புரோலாக்டின். வெகுகாலம் ஒரு மருந்தில் புரோலாக்டின் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கவே புறாவின் இரைப்பை எவ்வளவு தடிக்கிறது என்றுதான் பார்த்தார்கள்.

கோழி அடைக்கு உட்காருவதும் இதனால்தான். முட்டை போடுவதை நிறுத்திவிட்டு, கூட்டை விட்டு எழாமல், கிட்டே போனால் இறகை விரித்துக் கொத்த வருமே, அந்தக் குணம் புரோலாக்டின் ஏறியதால் வருவது. அடை கலைய வேண்டும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கோழியைத் தண்ணீரில் முக்கி எடுப்பார்கள், கூட்டைக் கலைப்பார்கள். கூடு போனால் புரோலாக்டினும் இறங்கிவிடும். தவளைக்கு உறவான, வால் உள்ள நியூட் என்ற இருவாழ்வியில் புரோலாக்டின் வேறொன்று செய்கிறது: தரையில் திரியும் விலங்கை இனப்பெருக்கத்துக்காகத் தண்ணீரைத் தேடிப் போகவைக்கிறது. நம் மலையில் நியூட் கிடையாது, காட்ட வழியில்லை.

செவுள், இரைப்பை, அடை, தண்ணீர் தேடுவது, கடைசியில் தாய்ப்பால். ஒரே பொருள் எப்படி இத்தனை வேலை செய்கிறது? தேயிலைத் தொழிற்சாலையில் சங்கு ஊதுகிறது. கொழுந்து எடுப்பவர்கள் எடை போட இறங்குகிறார்கள். லைன் வீட்டில் ஒருவர் உலை வைக்கிறார். பள்ளிக்கூடப் பிள்ளை பையை எடுக்கிறது. சங்குக்கு எடையும் தெரியாது, உலையும் தெரியாது. ஹார்மோனும் ரத்தத்தோடு எல்லா இடத்துக்கும் போகிறது, அதைக் கேட்கும் ஏற்பி எந்தச் செல்லில் இருக்கிறதோ அந்தச் செல் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்கிறது. பாலூட்டிகளின் மூதாதையில் தோல் சுரப்பிகள் பால்சுரப்பியாக மாறியபோது, அந்தச் செல்களும் ஏற்கெனவே ஊதிக்கொண்டிருந்த இந்தச் சங்கைக் கேட்க ஆரம்பித்தன. புதுச் சங்கு வாங்கவில்லை. உயிரியலாளர் பீட்டர் மெடவர் 1953-லேயே, பரிணாமம் அடைவது ஹார்மோன் இல்லை, அதைப் பயன்படுத்தும் விதம்தான் என்ற பொருளில் எழுதினார். என் கணக்கில் இது முக்கால் உண்மை. மீதிக் காலைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கிருந்து வந்தன என்று கேட்டீர்கள். புரோலாக்டினும் வளர்ச்சி ஹார்மோனும் உடன்பிறப்புகள். ஒரு பழைய மரபணு இரண்டு பிரதியாகி, இரண்டும் தனித்தனி வழியில் போனதால் வந்தவை. மனிதனில் வளர்ச்சி ஹார்மோன் 191 அமினோ அமிலம், புரோலாக்டின் 199, மடிப்பு ஒரே ஜாடை. முதுகெலும்பிகளின் தொடக்க காலத்தில் மரபணுத் தொகுதி முழுவதுமே இரண்டு முறை இரட்டித்தது என்று சுசுமு ஓனோ 1970-ல் முன்வைத்த கருத்து இப்போது பெரும்பாலும் ஒப்புக்கொள்ளப்பட்டது. ஒரு பிரதி பழைய வேலையைப் பார்த்துக்கொள்ளும், மற்றது சும்மா இருக்கிற நேரத்தில் புது வேலை கற்றுக்கொள்ளும். சால்மன், டிரவுட் குடும்பத்தில் இந்த உடன்பிறப்புகளின் விளையாட்டு அழகு: புரோலாக்டின் நன்னீரில் தங்க உதவுகிறது, வளர்ச்சி ஹார்மோன் கடலுக்குப் போக உடம்பைத் தயார் செய்கிறது. 1907-ல் வில்சன் அமைத்த அவலாஞ்சி குஞ்சு பொரிப்பகத்தின் வழிவந்த டிரவுட்டுகள் கடலைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் அந்த ஹார்மோன் மண்டைக்குள் இருக்கத்தான் செய்கிறது.

இன்னொரு குடும்பத்தைப் பார்க்க எருமை கறக்கும் இடத்துக்குப் போக வேண்டும். தோடர்களின் குடியிருப்பான மந்தில் பார்த்தாலும் சரி, உங்கள் தெருவில் பார்த்தாலும் சரி, முதலில் கன்றை விடுவார்கள். கன்று முட்டி முட்டிச் சப்பும், மடி இறுகும், காம்பு விறைக்கும். பிறகு கன்றைப் பிடித்துக் கட்டிவிட்டுக் கறப்பார்கள். கன்று முட்டியதிலிருந்து எருமை சுரப்பு விடுவது வரை ஓரிரு நிமிஷம் ஆகும். அது ஆக்ஸிடோசின் மூளையடியிலிருந்து ரத்தத்தில் ஓடி மடிக்கு வந்துசேரும் நேரம். பாலை உண்டாக்குவது புரோலாக்டின், இறக்கிவிடுவது ஆக்ஸிடோசின். பாடத்தில் இந்த இரண்டையும் பிள்ளைகள் எப்போதும் குழப்புவார்கள். சமவெளியில் சிலர் கன்றில்லாமல் கறக்கக் கள்ளத்தனமாகப் போடும் ஊசியும் இதுதான்.

ஆக்ஸிடோசின் ஒன்பது அமினோ அமிலம் கோத்த சின்ன மாலை. வின்சென்ட் டு விக்னோ 1953-ல் அதைச் செயற்கையாகக் கோத்தார், 1955-ல் நோபல் வாங்கினார். சிறுநீரகத்தில் தண்ணீரைத் தேக்கும் வாசோபிரெசினும் ஒன்பது மணி மாலைதான். இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டே மணி, மூன்றாவதும் எட்டாவதும். மனிதனில் இந்த இரண்டு மரபணுக்களும் 20-ஆம் குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்து வீடு. தாடையில்லாத லாம்ப்ரே மீனைப் பார்த்தால் ஒரே ஒரு மாலைதான் இருக்கிறது, வாசோடோசின். அதில் மூன்றாவது மணியை மாற்றினால் நம் வாசோபிரெசின், எட்டாவதை மாற்றினால் ஆக்ஸிடோசின். தாடை உள்ள மீன்கள் வந்தபோது ஒன்று இரண்டாகியிருந்தது.

வாசோடோசின் தவளையில் இன்னும் இருக்கிறது. மழைக்காலச் சாயங்காலம் வேலிப் புதரில் டிக் டிக் என்று சத்தம் வருமே, அது கட்டைவிரல் நுனி அளவுள்ள புதர்த்தவளை. டார்ச் அடித்துப் பார்த்தால் சில சமயம் வயிற்றை ஈரப் பாசியில் அப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, அடிவயிற்றுத் தோலால்தான் குடிக்கும். அந்தத் தோலின் தண்ணீர்ப் பாதையைத் திறப்பது வாசோடோசின். நம் சிறுநீரகக் குழாயில் வாசோபிரெசின் செய்வதும் கிட்டத்தட்ட அதே வேலை, இடம்தான் உள்ளே போய்விட்டது. (மது குடித்தால் வாசோபிரெசின் அடங்கிவிடும். குடித்தவர் ஏன் அடிக்கடி எழுந்து வெளியே போகிறார் என்பதற்குக் காரணம் இது.) முதுகெலும்பு இல்லாதவற்றிலும் இந்த மாலைக்கு உறவு உண்டு: மண்புழுவில் முட்டையிடும் நடத்தையைத் தூண்டுவது இதன் சொந்தக்காரனான அன்னெடோசின். அப்படியானால் இந்த வம்சம் பிட்யூட்டரியையே விட மூத்தது.

தவளை என்றதும் 1916 நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் பிலிப் ஸ்மித், பென்னெட் ஆலன் இருவரும் தனித்தனியாகத் தலைப்பிரட்டைகளின் பிட்யூட்டரியை எடுத்துப் பார்த்தார்கள். அவை வெள்ளி மாதிரி வெளுத்துப்போயின. தவளையாக மாறவும் இல்லை, தலைப்பிரட்டையாகவே கிடந்தன. வெளுத்ததற்குக் காரணம் நிறமி ஹார்மோன் இல்லாதது, மாறாததற்குக் காரணம் தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் இல்லாதது. குளம் வற்றத் தொடங்கினால் சில தலைப்பிரட்டைகள் அவசர அவசரமாகத் தவளையாகிவிடும். நம்மில் மன அழுத்தத்தின்போது மூளையில் முதலில் கிளம்பும் தூண்டு ஹார்மோன், தலைப்பிரட்டையில் தைராய்டையும் சேர்த்து முடுக்கிவிடுகிறது. நம் புதர்த்தவளைகளோ தலைப்பிரட்டையே ஆவதில்லை, முட்டைக்குள்ளேயே எல்லா மாற்றமும் முடிந்து குட்டித் தவளையாக வெளியே வரும். இதேபோல வளரும் போர்ட்டோ ரிக்கோவின் கோக்கித் தவளையில், முட்டைக்குள்ளும் தைராய்டு ஹார்மோன் வேண்டியிருக்கிறது என்று காட்டியிருக்கிறார்கள். குளத்தை விட்டுவிட்டார்கள், பழைய ஹார்மோனை விடவில்லை.

அந்த நிறமி ஹார்மோன் தனியாக உருவாவதில்லை. பிட்யூட்டரி ஒரு நீளமான புரதத்தைச் செய்து, அதைத் துண்டு போட்டு, சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியைத் தூண்டும் ஹார்மோன், நிறமி ஹார்மோன், வலி தணிக்கும் எண்டார்ஃபின் என்று பிரிக்கிறது. அட்ரினல் தூண்டியின் 39 அமினோ அமிலங்களில் முதல் 13-ம் அப்படியே நிறமி ஹார்மோன்தான். அதனால்தான் அட்ரினல் கெட்டுப்போன அடிசன் நோயாளிக்கு ஈறும் உள்ளங்கை ரேகையும் கறுக்கும். தூண்டி அதிகமாகி, தவளைத் தோலில் செய்ததை நம் தோலில் செய்கிறது.

தைராய்டு தூண்டி, இனப்பெருக்கத் தூண்டிகள் இரண்டு, கர்ப்பப் பரிசோதனையில் பார்க்கும் நஞ்சுக்கொடி ஹார்மோன், இந்த நான்கும் இன்னொரு குடும்பம். நான்கிலும் ஒரு பாதி பொது, மறுபாதி மட்டும் வேறு. கர்ப்பத்தின் முதல் சில மாதம் டி.எஸ்.எச்., அதாவது அந்தத் தைராய்டு தூண்டியின் அளவு சற்று இறங்கி வரும், பார்த்துப் பலர் பயந்துபோவார்கள். நஞ்சுக்கொடி ஹார்மோன் தைராய்டின் கதவையும் லேசாகத் தட்டுவதால் வருவது அது. மருத்துவர் அதைக் கணக்கில் எடுத்துத்தான் பார்ப்பார்.

இப்போது அந்த மீதிக் கால். வளர்ச்சி ஹார்மோன் விஷயத்தில் மெடவர் சொன்னது பொருந்தவில்லை. பன்றி, நாய் போன்றவற்றில் அது பல கோடி வருஷமாக அதிகம் மாறவில்லை. குரங்கினத்தில் கிடுகிடுவென்று மாறிவிட்டது. மனிதனுடையதும் மாட்டினுடையதும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வேறு. ஏற்பியும் கூடவே மாறியதால் மாட்டின் ஹார்மோன் மனிதக் குழந்தையை வளர்க்காது. சர்க்கரை நோய்க்கு மாட்டு இன்சுலின் உதவிய காலத்தில், வளராத குழந்தைகளுக்கு மாட்டு ஹார்மோன் கைகொடுக்கவில்லை. 1958 முதல் இறந்த மனிதர்களின் பிட்யூட்டரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். அதன் வழியாகச் சிலருக்கு மூளையை அரிக்கும் நோய் வந்தது 1985-ல் தெரியவந்ததும் நிறுத்தினார்கள். அதே ஆண்டு பாக்டீரியாவில் தயாரித்த மனித ஹார்மோன் வந்தது. ஒரு மூலக்கூறு மாறியதற்குக் குழந்தைகள் கொடுத்த விலை இது. பரிணாமம் பாடப்புத்தகத்தோடு நிற்கிற விஷயம் என்று சொல்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

தமிழில் இதற்குக் கபச் சுரப்பி என்று ஒரு பெயர் உண்டு. மூளையிலிருந்து கபம் இதன் வழியாக மூக்குக்கு இறங்குகிறது என்று பழைய ஐரோப்பிய மருத்துவர்கள் நம்பினார்கள், பெயர் அப்படியே தங்கிவிட்டது. தப்பான பெயர்தான், ஆனால் முழுத் தப்பும் இல்லை. 1838-ல் மார்ட்டின் ராத்கே பார்த்தபடி, கருவில் இந்தச் சுரப்பியின் முன்பாதி வாயின் கூரையிலிருந்து மேலே எழும்பும் ஒரு பையாகத்தான் வருகிறது. பின்பாதி மூளையின் அடித்தரையிலிருந்து கீழே இறங்குகிறது. புரோலாக்டின் முன்பாதியில், ஆக்ஸிடோசின் பின்பாதியில். வாயும் மூளையும் கைகோத்த இடம் அது.

மீன் பண்ணைகளில் இப்போது மண்டை திறப்பதெல்லாம் குறைந்துவிட்டது. ஓவாப்ரிம் மாதிரி தயார் ஊசி வந்துவிட்டது. அதில் மூளைத் தூண்டு ஹார்மோனின் செயற்கைப் பிரதியும் டோம்பெரிடோனும் இருக்கும். டோம்பெரிடோன் என்றால் உங்களுக்குத் தெரிந்ததுதான், வாந்திக்குக் கொடுக்கும் மாத்திரை. கெண்டையில் டோபமின் என்ற கடிவாளம் முட்டையிடும் ஹார்மோனைப் பிடித்துவைத்திருக்கிறது, நம்மில் அதே கடிவாளம் புரோலாக்டினைப் பிடித்துவைத்திருக்கிறது. டோம்பெரிடோன் கடிவாளத்தை அவிழ்த்தால் கெண்டை முட்டையிடுகிறது. மனிதருக்குப் புரோலாக்டின் ஏறுகிறது, அதனால் அந்த மாத்திரை சாப்பிடும் சிலருக்கு மார்பில் பால் கசிவதும் உண்டு. இதைப் படித்துவிட்டுப் பால் வரட்டும் என்று யாரும் தானாக வாங்கிச் சாப்பிட வேண்டாம், இதயத் துடிப்பைக் கெடுக்கக்கூடிய மருந்து அது.

உங்கள் மகள் தேர்வில் புரோலாக்டின் என்றால் பால் சுரப்பு என்றே எழுதட்டும், மதிப்பெண் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை ஊட்டிப் பக்கம் வந்தால் மார்க்கெட்டில் கெண்டைத் தலை ஒன்று தனியாகக் கேளுங்கள், கொடுப்பார்கள். குழம்பு வைப்பதற்கு முன்னால் அவளையே மண்டையைத் திறக்கச் சொல்லுங்கள். முதல் தலையில் நசுங்கினால் இரண்டாவது வாங்கிக்கொள்ளலாம். அந்த மணி போனதால் குழம்பில் ருசி ஒன்றும் குறையாது.